வாய்க்கால் பதிவேடு: டோக்குவிக்கியில் ஊர்க்காரர்களை எழுத வைத்த அனுபவம்

நீடாமங்கலத்துக்குக் கீழே பிரியும் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும், ஊர்க்காரர்களே எழுதித் திருத்தும் இணையப் பதிவேடு ஒன்று, டோக்குவிக்கி என்ற மென்பொருளில், ஒருவழியாக ஓட ஆரம்பித்திருக்கிறது. ஓடுகிறது என்றால், நான் யாருக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்தாமலே பக்கங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. வேறு எந்தக் கணக்கையும் நான் பார்ப்பதில்லை. ஊர்வாரியாகத் தகவல் சேர்க்கும் குழு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எதற்கு இந்தப் பதிவேடு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறப்பு. கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மறுபடி மூன்றாகிறது. அதுவரைக்கும் எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி வாய்க்கால் என்று இறங்கி வயல் மடை வரை போகிறபோது, எந்த மதகில் ஷட்டர் திருகு துருப்பிடித்து நிற்கிறது, எந்தக் குமிழி தூர்ந்துபோயிற்று என்பதெல்லாம் மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கருக்கும் அந்த ஊர் விவசாயிக்கும்தான் தெரியும். லஸ்கர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுத உட்கார்ந்தால், எந்த மதகு என்று பெயர் சொல்லக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற லஸ்கர்கள், விவசாயிகள், ஒரு பள்ளிக்கூட டீச்சர், சில கல்லூரிப் பிள்ளைகள். நான் மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் என்று வந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். கையில் இருந்தது மூன்று விதமான சரக்கு. வாட்ஸ்அப் குழுவில் புதைந்து கிடந்த படங்களும் குரல் பதிவுகளும் ஒன்று. லஸ்கர் ஒருவர் தன் வேலைக் காலத்தில் எழுதி வைத்த கோடு போட்ட நோட்டு இன்னொன்று. மூன்றாவது, யாரோ பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்புகள்.

முதலில் போட்டது வேர்ட்பிரஸ். எனக்குத் தெரிந்தது அதுதான், கடைகளுக்கு இணையதளம் போட்டுக் கொடுத்த பழக்கம். இந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. வேர்ட்பிரஸில் எழுத வருகிறவர் ஒரு ‘பதிவு’ போடுகிறார். பதிவு அவர் பெயரில், தேதி வரிசையில் நிற்கிறது. ஒரே வாய்க்காலைப் பற்றி ஐந்து பேர் ஐந்து பதிவு போட்டார்கள். ஒன்றில் ஷட்டர் வேலை செய்கிறது, இன்னொன்றில் உடைந்திருக்கிறது. எது புதுசு, எது சரி என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அனுமதிகளும் இடித்தன. ‘பங்களிப்பாளர்’ என்ற நிலையில் ஆட்களைச் சேர்த்தால் அவர்களால் படம் ஏற்ற முடியாது, எழுதியதைத் தாங்களே வெளியிடவும் முடியாது. மதகுப் படம்தான் எங்களுக்கு உயிர். ‘ஆசிரியர்’ நிலைக்கு ஏற்றினால் படம் ஏற்றலாம், வெளியிடலாம்; ஆனால் அடுத்தவர் எழுதியதைத் தொட முடியாது. அதற்கும் மேலே ‘தொகுப்பாளர்’ ஆக்கினால் எல்லாவற்றையும் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த ஏணி பொருத்தம். ஒரு பக்கத்தை ஊரே சேர்ந்து எழுத வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லை.

அப்புறம், ஒரே பக்கத்தைப் பலர் சேர்ந்து திருத்தும் விக்கி வகையைப் பார்த்தோம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கிக்குத் தரவுத்தளம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். டோக்குவிக்கிக்குத் தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பழைய பதிப்புகள் இன்னொரு கோப்புறையில் சுருக்கி வைக்கப்படுகின்றன. பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடுகிற மலிவான இணைய இடம் இருந்தால் போதும். காப்பு எடுப்பது என்றால் தரவுக் கோப்புறையையும் அமைப்புக் கோப்புறையையும் நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் அந்தப் பென்டிரைவை நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம். அதை நம்பித்தான் இறங்கினேன்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. கோப்புகளை ஏற்றி, நிறுவல் பக்கத்தைத் திறந்து விவரம் கொடுத்துவிட்டு, அந்த நிறுவல் கோப்பை மறக்காமல் அழித்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம் என்ற வசதியை முதல் நாளே மூடினேன். திறந்து வைத்தால் விளம்பரக் குப்பை வந்து விழும். அனுமதியில் எல்லாருக்கும் எழுதவும் திருத்தவும் படம் ஏற்றவும் கொடுத்தேன். ஏற்றிய படத்தை நீக்கும் அனுமதி மட்டும் என்னிடமும் டீச்சரிடமும். தமிழ் இடைமுகம் முழுமையாக இல்லாததால் பாதிப் பொத்தான்கள் ஆங்கிலத்தில் நின்றன. அமைப்புக் கோப்புறைக்குள் நம் மொழிக்குத் தனிக் கோப்பு வைத்து அந்தச் சொற்களை மாற்றிக்கொள்ளலாம். அங்கே வைத்தால் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அழியாது.

அடுத்தது பெயர். இங்கேதான் ரொம்ப நேரம் சிக்கிக்கொண்டோம்.

‘பாமணியாறு_இடதுகரை_ஏ_வாய்க்கால்’ என்று ஒரு பக்கம் தொடங்கினோம். பக்கம் சேமிக்கப்பட்டது, படிக்கவும் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கோப்பை எழுத முடியவில்லை என்று சிவப்புப் பட்டையில் ஒரு எச்சரிக்கை. பக்கம்தான் நன்றாக இருக்கிறதே என்று விட்டிருந்தால் மாட்டியிருப்போம், ஏனென்றால் எழுதப்படாமல் போனது பழைய பதிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூனிகோடில் (யுடிஎஃப்-8 முறையில்) 3 பைட். டோக்குவிக்கி தானாக வைத்திருக்கும் முறையில் கோப்புப் பெயரில் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு எழுதுகிறது. ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘கா’ என்றால் ககரத்துக்கு 9, காலுக்கு 9. மேலே உள்ள பெயரில் தமிழ்க் குறிகள் 27. அதற்கு 243 இடம், நடுவில் மூன்று அடிக்கோடு, மொத்தம் 246. உரைக் கோப்பின் வால் (.txt) 4 சேர்த்து 250. லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட் வரை போகலாம் என்பதால் பக்கம் தப்பித்தது. பழைய பதிப்பின் பெயரிலோ ஒரு புள்ளியும், நேரத்தைக் குறிக்கும் 10 இலக்க எண்ணும், சுருக்கக் கோப்பின் வாலும் (.txt.gz) சேர்ந்து அந்த 246-க்கு மேல் 18 இடம் கூடுகிறது. 264. வரம்பைத் தாண்டிவிட்டது.

அமைப்பில் கோப்புப் பெயரை நேராக யூனிகோடிலேயே எழுதச் சொல்லும் வழி உண்டு. அப்போது பழைய பதிப்பின் இதே பெயர் 102 பைட்டில் அடங்கும். பக்கங்கள் சேர்ந்த பிறகு இதை மாற்றினால் பழைய பக்கங்கள் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், செய்வதென்றால் முதலிலேயே செய்துவிட வேண்டும். எங்களிடம் அப்போது சில பக்கங்கள்தான், எனவே மாற்றினோம். ஆனாலும் நீளப் பெயர்களைக் கைவிட்டுவிட்டோம், அதற்குக் காரணம் வேறு. ஒரே வாய்க்காலுக்கு மேல ஊரில் ஒரு பெயர், கீழ ஊரில் ஒரு பெயர். எதைப் பக்கத்தின் பெயராக வைத்தாலும் ஒரு ஊருக்குக் கோபம். இப்போது பக்கத்தின் முகவரி ‘பாம-இ-07’ மாதிரி ஒரு குறியீடு: பாமணியாறு, இடதுகரை, ஏழாவது. முதல் தலைப்பையே பக்கத்தின் பெயராகக் காட்டும் வசதி டோக்குவிக்கியில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டோம். தலைப்பில் இரண்டு பெயரும் சாய்வுக் கோடு போட்டு நிற்கின்றன. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இணைப்பு அறுந்துபோவதில்லை.

பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது என் கடையில் தினப்படி வேலை. இணையத்தில் கிடைக்கிற மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டிவிடலாம் என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒட்டியது பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ‘காவிரி’ என்று தேடினால் பாதிப் பக்கங்கள் வரவில்லை. பழைய எழுத்துருக்களில் ரகரத்துக்கும் காலுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், ‘ரி’ வர வேண்டிய இடத்தில் காலைப் போட்டு மேலே சுழியைச் சேர்ப்பது தட்டச்சுக்காரர்களின் வழக்கம். மாற்றி அதை அப்படியே நம்பிக் ‘காவிாி’ என்று கொடுக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘ர்’ வரும் இடத்திலும் இதே கோளாறு.

காலுக்குப் பின்னால் உடனே சுழியோ புள்ளியோ தமிழில் எங்கேயும் வராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். எல்லாம் உரைக் கோப்புகள் என்பதால் நோட்பேட்++ திறந்து, கோப்புறை முழுக்க ஒரே அடியாக ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும், ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும் மாற்றினேன். கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்து ‘கொ’ போலத் தெரிகிற இடங்களையும் அப்போதே சரிபார்த்தேன். கொரடாச்சேரி இப்படித்தான் தேடலில் சிக்காமல் இருந்தது. வெளியிலிருந்து கோப்பை மாற்றினால் தேடல் அட்டவணை பழசாகவே நிற்கும். டோக்குவிக்கியோடு வரும் அட்டவணை நிரலை ஒரு தடவை முழுதாக ஓட்டிவிட வேண்டும். இந்த மாற்றத்தை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இனி ஆட்கள் விஷயம்.

முதல் பயிற்சியை ஐப்பசியில் வைத்தோம். அதைவிட மோசமான மாதம் கிடையாது. மழை கொட்டுகிறது, சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. எவர் வந்து உட்காருவார்? வந்த சிலருக்கும் புரொஜெக்டரில் குறியீட்டு முறையைக் காட்டினோம். பெரிய தலைப்புக்கு இந்தப் பக்கம் ஆறு சமக்குறி, அந்தப் பக்கம் ஆறு சமக்குறி. போன் விசைப்பலகையில் சமக்குறியைக் கண்டுபிடிக்கவே ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு இம்சை, டோக்குவிக்கியில் ஒரு தடவை எண்டர் தட்டினால் வரி உடையாது, எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். வரிவரியாக எழுதிக் கொடுத்தவர் சேமித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. “நான் இப்படி எழுதலையே சார்” என்றார். அவர் மறுபடி வரவில்லை.

அடுத்த தடவை மாசியில் கூடினோம். அதற்குள் அறுவடை முடிந்திருந்தது. மேட்டூரையும் வழக்கப்படி ஜனவரி 28 வாக்கில் மூடிவிடுகிறார்கள் என்பதால் வாய்க்காலும் காய்ந்து கிடந்தது. குறியீட்டை முழுக்க மறைத்துவிட்டேன். டோக்குவிக்கியில் ஒரு கோப்புறைக்கு வார்ப்புரு வைக்கலாம்: அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு கோப்பைப் போட்டுவிட்டால், அங்கே புதுப் பக்கம் தொடங்குகிறவருக்கு அந்த உரை நிரம்பி வரும். எழுதுகிறவரின் பெயரும் தேதியும்கூடத் தானாக விழும். எங்கள் வார்ப்புரு இது:

====== வாய்க்கால் பெயர் (மேல ஊரில் / கீழ ஊரில்) ======
  * எந்த ஆறு, எந்தக் கரை:
  * தலைப்பு மதகுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது:
  * எத்தனை கண், எத்தனை ஷட்டர் ஏறி இறங்குகிறது:
  * எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது:
  * கடைமடை எந்த ஊர்:
  * இடம் (ஐந்து தசமம்):
  * சொன்னவர், பார்த்த நாள்:
  * குறிச்சொல்:

கேள்விகளை நான் எழுதவில்லை. நோட்டு வைத்திருந்த லஸ்கர் ஐயாவிடம், “புதுசா வேலைக்கு வர்ற ஒருத்தருக்கு ஒரு வாய்க்கால ஒப்படைக்கும்போது என்னென்ன சொல்வீங்க?” என்று கேட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே போட்டோம். முன்னால் நட்சத்திரக் குறியும் அதற்கு முன் இரண்டு இடைவெளியும் இருப்பதால் வரிகள் ஒட்டிக்கொள்வதில்லை. அந்த இடைவெளியை அழித்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இருந்தும் யாரும் பொத்தானைத் தொடவில்லை. பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், விரலை மட்டும் நீட்டுவதில்லை. காரணத்தை அந்த ஐயாதான் உடைத்துச் சொன்னார். “தம்பி, நான் ஏதாச்சும் தட்டப் போயி, அந்தப் புள்ளைங்க எழுதுனதெல்லாம் அழிஞ்சிடுச்சின்னா?”

சரி, அழித்தே பார்ப்போம் என்று முடிவு செய்தோம். டோக்குவிக்கியை நிறுவும்போதே விளையாட்டு மைதானம் என்று ஒரு இடம் கூட வருகிறது. அங்கே நன்றாக எழுதப்பட்ட ஒரு வாய்க்கால் பக்கத்தை நகலெடுத்து வைத்து, போனை ஐயா கையில் கொடுத்தேன். “எல்லாத்தையும் அழிச்சிட்டுச் சேமிங்க ஐயா.” என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கட்டைவிரலால் உரையை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழித்து, சேமித்தார். டோக்குவிக்கியில் வெற்றுப் பக்கத்தைச் சேமித்தால் பக்கமே நீங்கிவிடும். அப்படியே அந்தத் தலைப்பில் பக்கம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. அறையில் இருந்த எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். பிறகு ‘பழைய பதிப்புகள்’ பொத்தானைக் காட்டினேன். பட்டியலில் கடைசியாக நன்றாக இருந்த தேதியைத் தொட்டு, திருத்து என்று போய், எதையும் மாற்றாமல் சேமித்தார். பக்கம் முழுசாகத் திரும்பி வந்தது. “அட, ஷட்டர எறக்குனா தண்ணி எங்க போவுது, மேல தேங்கித்தான நிக்குது!” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் பதிப்பு வரலாறு பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

அன்று வந்திருந்த எல்லாரும் ஆளுக்கொரு பக்கத்தைக் கெடுத்து, பக்கத்தில் இருப்பவர் கெடுத்ததைச் சரிசெய்தார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் செய்திருக்க வேண்டும். இப்போது புதிதாக யார் வந்தாலும் முதல் வேலை ஒரு பக்கத்தை அழிப்பது, இரண்டாவது வேலை அதைத் திரும்பக் கொண்டுவருவது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பெயர் நீளத்தால் பழைய பதிப்பு எழுதப்படாமல் போகிற கோளாறை முன்பே பிடித்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஐயா அழித்த பக்கத்துக்குப் பழைய பதிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அத்தோடு கடையைக் கட்டியிருப்போம்.

பூட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் பக்கத்தைத் திருத்தத் திறந்தால் மற்றவர்களுக்கு அது பூட்டப்படும். விட்டுவிட்டுப் போய்விட்டால் 15 நிமிடத்தில் தானே விலகும். திருத்து பொத்தானைத் தொட்டுவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் எங்கள் குழுவில் அதிகம். “பூட்டிக் கெடக்குண்ணே” என்று பிள்ளைகள் போன் செய்வார்கள். நேரத்தைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். வயல்காட்டில் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் நிதானமாகத் தட்டுகிறவருக்கு அந்த 15 நிமிடம் வேண்டும், எனவே விட்டுவிட்டேன். தட்டிக்கொண்டிருக்கும்போது வரைவு தானாகச் சேமிக்கப்படுகிறது. இணைப்பு அறுந்தாலும் மறுபடி திறக்கும்போது வரைவை மீட்கவா என்று கேட்கும். இதை எல்லாருக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

படங்களில் இரண்டு தொல்லை. பிஎச்பியில் ஒரு கோப்பு ஏற்றும் வரம்பு, நாம் மாற்றாதவரை, 2 எம்பி. இப்போதைய போனில் எடுக்கிற படம் சாதாரணமாக அதைத் தாண்டிவிடும், ஏறாது. சிலர் அதே படத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, சுருங்கியதை எடுத்து ஏற்றிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அப்படிப் போகும்போது படத்துக்குள் இருக்கிற இட விவரம் கழன்றுவிடும். படத்தில் மதகு தெரியும், எந்த மதகு என்று தெரியாது. வரம்பை 8 எம்பி ஆக்கினேன். படிவம் முழுவதற்குமான இன்னொரு வரம்பையும் கூடவே அதற்கு மேல் உயர்த்த வேண்டும். இடத்தைப் படத்தை நம்பாமல் உரையிலேயே எழுத வைத்தோம். வரைபடச் செயலியில் மதகின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண் வரும், அதை அப்படியே ஒட்ட வேண்டியதுதான். ஒருவர் சுருக்கமாக 10.77, 79.41 என்று எழுதி வைத்தார். இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகலாம். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் பக்கம் எத்தனையோ மதகு. நான்கு தசமத்தில் சுமார் 11 மீட்டர், ஐந்தில் சுமார் ஒரு மீட்டர். வார்ப்புருவில் ‘ஐந்து தசமம்’ என்று போட்டதற்கு இதுதான் காரணம்.

தேடல்தான் கடைசியில் பிடிபட்டது. ‘மதகு’ என்று தேடினால் ‘மதகில்’, ‘மதகை’ என்று எழுதிய பக்கங்கள் வராது. முழுச்சொல் பொருந்த வேண்டும் என்றுதான் முதலில் அமைந்திருக்கிறது. சரி, ‘இந்த எழுத்துகளில் தொடங்கும் சொல்’ என்று அமைப்பை மாற்றினேன். அப்படியும் வரவில்லை. ‘மதகு’ என்பதன் கடைசிக் குறி உகரம். ‘மதகில்’ என்பதில் அந்த இடத்தில் சுழி. ‘வாய்க்கால்’ புள்ளியில் முடிகிறது, ‘வாய்க்காலில்’ வரும்போது அந்தப் புள்ளி காணாமல் போகிறது. பாமணியாறு பாமணியாற்றில் ஆகும்போது கேட்கவே வேண்டாம். கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘வாய்க்கா’ என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் தேடுவார்கள், ஐயா தேட மாட்டார். அதனால்தான் வார்ப்புருவின் கடைசியில் குறிச்சொல் என்று ஒரு வரி. ஆறு, ஊர், மதகு எல்லாவற்றையும் உருபு சேர்க்காமல் அங்கே ஒரு தரம் எழுதிவிட வேண்டும். அழகான தீர்வு இல்லை. வேலை செய்கிறது.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாக: கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும், பாதிப் பேருக்கு அது கிடையாது அல்லது அவர்கள் பையன் போனில் இருக்கிறது. பெட்டிக்கு வந்த கடிதங்களும் குப்பைக்குள் விழுந்தன. நானே கடவுச்சொல் அமைத்து, அட்டையில் அச்சடித்து லேமினேட் செய்து கையில் கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு போதும் என்று ஒரு யோசனை வந்தது, மறுத்துவிட்டேன். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் சந்தேகம் வரும்போது யாரைக் கேட்பது?

செலவு: இணைய இடமும் தளப் பெயரும் சேர்த்து ஆண்டுக்கு 3,200 ரூபாய். புரொஜெக்டர் வாடகை 600. அட்டைகளுக்கு 450, அதுவும் என் கடை விலையில். டீ, வடை, சுண்டல் 1,400 சொச்சம். புரொஜெக்டர் காசு தண்டம். போனை ஆளுக்கு ஆள் கையில் கொடுத்துச் செய்ய வைத்தபோதுதான் பலன் கிடைத்தது.

அடுத்த தடவை இதைத் தொடங்குவதாக இருந்தால் பங்குனி, சித்திரையை விட்டு வேறு மாதத்தில் தொடங்க மாட்டேன். ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்பது ஒரு பக்கம். தண்ணீர் இல்லாதபோதுதான் மதகின் அடித்தளமும் உடைந்த கண்ணும் வெளியே தெரியும், டேப் பிடித்து அளக்க முடியும். எழுதுகிற வேலையும் அளக்கிற வேலையும் ஒரே நடையில் முடிந்துவிடும். லஸ்கர்களைத் தட்டச் சொல்லிப் படுத்தாமல், ஒரு ஐயாவுக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை என்று ஆரம்பத்திலேயே ஜோடி போட்டுவிடுவேன். குரலில் சொல்லித் தட்ட வைக்கும் வசதியையும் முயன்றோம். நீளமான வாக்கியங்களை நன்றாகவே பிடிக்கிறது, ஊர்ப் பெயர்களிலும் மதகுப் பெயர்களிலும் தடுமாறுகிறது. எங்கள் பதிவேட்டில் பாதிக்கு மேல் பெயர்கள்தான்.

தீராமல் நிற்பது வடிகால். முதலில் ஆறு, அதற்குள் ஏ வாய்க்கால், அதற்குள் பி வாய்க்கால் என்று கோப்புறைக்குள் கோப்புறையாகத்தான் வைத்திருந்தேன். வெண்ணாற்றுப் பக்கம் பல இடங்களில் மேலே உள்ள வயல்களின் வடிகால்தான் கீழே உள்ள ஊருக்குப் பாசன வாய்க்கால். அதை எந்த ஆற்றின் கோப்புறையில் வைப்பது? வாய்க்கால்களைக் கோப்புறையிலிருந்து எடுத்து ஒரே மட்டத்தில் குறியீட்டோடு வைத்துவிட்டோம். எதிலிருந்து எதற்குப் போகிறது என்பது பக்கங்களுக்கு இடையே உள்ள இணைப்பில் தெரியும். ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று டோக்குவிக்கி பட்டியல் காட்டுவதால் அது ஓரளவு ஓடுகிறது. ஆனால் வார்ப்புருவில் முதல் கேள்வியே ‘எந்த ஆறு, எந்தக் கரை’. வடிகாலுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. எந்தெந்த வயல் வடிகிறது, யார் அதை மறித்துப் பாய்ச்சுகிறார்கள், மழையில் எங்கே கரை உடையும் என்று அதற்கு வேறு கேள்விகள் வேண்டும். கடைமடை விவசாயிகள் இருவர் அந்தக் கேள்விகளை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் ‘வடி’ என்ற முன்னொட்டோடு இரண்டாவது வார்ப்புரு போட வேண்டும்.